இன்னொரு பெயர்

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் கல்லூரியில் பழைய வழக்குகள் பற்றி ஒரு கருத்தரங்கு. எனக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கைக் கொடுத்திருக்கிறார்கள். பழைய காலத்து நடிகரும் பாடகருமான தியாகராஜ பாகவதர் என்றால் என் தாத்தா உயிரை விடுவார். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' படத்தின் பாட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. அந்த வழக்கில் சிறைக்குப் போன பாகவதர் ஒரு பாவமும் அறியாதவர் என்று தாத்தா கடைசிவரை சொன்னார். அப்பா அப்படியில்லை. "நெருப்பில்லாம புகையுமா? பெரிய வக்கீலை வெச்சு வெளியே வந்தாங்க" என்பார். படிக்கப் படிக்க எனக்கும் அப்பா பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஜூரி குற்றவாளி என்றது, உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. இரண்டு முறை தண்டனை, ஒரே ஒரு முறை விடுதலை. தவிர, லட்சுமிகாந்தன் செய்த தொழிலுக்கு அவர் சாக வேண்டியவர்தான் என்றும் எனக்குப் படுகிறது. போட் மெயில் ரயிலில் நடந்த கொலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, அது உண்மையா? பாகவதரும் கலைவாணரும் கொலையைத் தூண்டினார்களா, இல்லையா? உங்கள் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வழக்கமாக இத்தகைய கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. யார் கொன்றது, யார் ஏவியது என்று எண்பது வருடம் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ருசி கிடையாது. ஆனால் உங்கள் அப்பா சொன்ன அந்த வாக்கியம், 'நெருப்பில்லாமல் புகையுமா', என்னை உட்கார வைத்துவிட்டது. போன மாதம்தான் ஒரு கிராமத்தில் ஒரு மூதாட்டி இறந்துபோன செய்தி எனக்கு வந்தது. அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் யாரென்று பின்னால் சொல்கிறேன்.

முதலில், வழக்கு தெரியாத வாசகர்களுக்காக நாலு வரி. சி. என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறையை எட்டிப் பார்த்து எழுதுவதுதான் அதன் சரக்கு. பாகவதர், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கோவையைச் சேர்ந்த இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் ஆளுநர் ஆர்தர் ஹோப்புக்கு மனுக் கொடுத்து அதன் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. 'இந்து நேசன்' என்ற பெயரில் மறுபடி ஆரம்பித்தார். 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் தன் வக்கீலைப் பார்த்துவிட்டுக் கைரிக்‌ஷாவில் திரும்பும்போது அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். 'ஹரிதாஸ்' வெளியான தீபாவளி முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வருடம் முடிவதற்குள் பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். நாயுடுவும் சிக்கினார். 1945 மே மாதம் நாயுடுவுக்கு விடுதலை, மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. அந்த ஆண்டே மேல்முறையீடு தள்ளுபடியானது. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அது மேல்முறையீட்டை மறுபடி கேட்கச் சொன்னது. 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

சரி. இப்போது உங்கள் கேள்விகள்.

போட் மெயில் விவகாரத்தை விட்டுவிடுங்கள். ஒரு கொலைக்கு விடை கிடைக்காவிட்டால் பக்கத்தில் கிடக்கும் இன்னொரு கொலையை எடுத்து ஒட்டவைப்பது ஊர் வழக்கம். கருத்தரங்கில் சுவாரசியமாக இருக்கும், அவ்வளவுதான்.

'பெரிய வக்கீல்' என்பதும் நிற்காது. 1945-லும் அவர்களுக்காகப் பெரிய பெரிய வக்கீல்கள்தான் வாதாடினார்கள். பணமும் புகழும் உச்சத்தில் இருந்த நேரம் அதுதான். அப்போது தோற்றார்கள். 1947-ல் வந்த எத்திராஜ் பெரிய வக்கீல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் இருவரும் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்து, கையிருப்பு எல்லாம் கரைந்து நின்றார்கள். பணம் இருந்தபோது தோற்று, பணம் போனபிறகு ஜெயித்தவர்களைப் பார்த்துப் பணத்தால் ஜெயித்தார்கள் என்றால் எப்படி?

'இரண்டு முறை தண்டனை, ஒரு முறை விடுதலை' என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, நீங்கள் சட்டம் படிக்கிற பிள்ளை. இப்படி எழுதலாமா? இது என்ன ஓட்டு எண்ணிக்கையா? கீழே சொன்னது தவறென்று மேலே சொன்னால் கீழே சொன்னது செத்துப்போகிறது. செத்ததையும் சேர்த்து எண்ணிப் பெரும்பான்மை பார்க்கக்கூடாது. இதை உங்கள் வாத்தியார் படித்தால் தலையில் குட்டியிருப்பார்.

அதைவிட எனக்கு வலித்தது இன்னொரு வரி. லட்சுமிகாந்தன் 'சாக வேண்டியவர்தான்' என்று. அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை கிடையாது. போர்ஜரி வழக்கில் தண்டனை பெற்று அந்தமான் வரை போய் வந்தவர். அவர் எழுத்தால் எத்தனை நடிகைகள் வாசலுக்கு வரக் கூசியிருப்பார்கள், எத்தனை வீடுகளில் சோறு இறங்காமல் போயிருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தவன் ஒரு மனுஷன். அந்த மனுஷனைக் கத்தியால் குத்தியிருக்கிறார்கள். குத்துப்பட்ட பிறகும் பேசிக்கொண்டிருந்தார். காயம் பெரிதில்லை, பிழைத்துவிடுவார் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். மறுநாள் போய்விட்டார். இந்த வழக்கைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பாகவதருக்காக அழுகிறார்கள், கலைவாணருக்காக அழுகிறார்கள். செத்தவனுக்காக ஒரு வரி எழுத ஆளில்லை. நீதிமன்றம் செத்தவனின் யோக்கியதையைக் கேட்காது. கேட்கவும் கூடாது. அப்படிக் கேட்க ஆரம்பித்தால் நாளைக்கு உங்கள் தெருவிலும் என் தெருவிலும் சாக வேண்டியவர்களின் பட்டியலை யாராவது எழுதத் தொடங்குவார்கள். அந்த வரியைக் கருத்தரங்கில் சொல்லாதீர்கள். கேட்டுக்கொள்கிறேன்.

இனி அப்ரூவர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் தொடவே இல்லாத இடம் அது. அந்த வழக்கை நிறுத்திவைத்ததும் அதுதான்.

பாகவதரும் கலைவாணரும் கத்தியைப் பிடித்ததாக யாரும் சொல்லவில்லை. அவர்கள் மேல் இருந்தது சதிக் குற்றச்சாட்டு. சதி என்றால் என்ன? நாலு சுவருக்குள் சிலர் பேசிய பேச்சு. அதற்கு ரத்தக்கறை கிடையாது, கைரேகை கிடையாது. அந்தப் பேச்சை வெளியே கொண்டுவர ஒரே வழி, அங்கே நானும் இருந்தேன் என்று ஒருவன் வந்து சொல்வதுதான். அப்படி ஒருவர் வந்தார். குற்றத்தில் பங்கு உண்டு என்று தானே ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புக்குச் சாட்சியாக மாறினார். அவர்தான் அப்ரூவர்.

சட்டத்துக்கு இந்த ஆளை எப்படி வைத்துக்கொள்வது என்று எப்போதுமே சங்கடம். அன்றைக்கு இருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 133-வது பிரிவு, கூட்டாளியின் சொல்லை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்கிறது. அதே சட்டத்தின் 114-வது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் கிடைக்காவிட்டால் அவன் நம்பத்தகாதவன் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறது. ஒரு கை கதவைத் திறக்கிறது, இன்னொரு கை 'பார்த்து உள்ளே வா' என்கிறது. இதை முரண்பாடு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் இப்படி என்று யோசியுங்கள்.

அப்ரூவர் பொய் சொல்வான் என்பதுதான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழுப் பொய் சொல்பவனைக் குறுக்கு விசாரணையில் அரை மணி நேரத்தில் கிழித்துவிடலாம். அப்ரூவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வான். அங்கேதான் ஆபத்து. அவன் அங்கே இருந்தவன். கத்தி எங்கே வாங்கியது, யார் எந்த முனையில் நின்றது, எந்தச் சந்து வழியாக ஓடியது எல்லாம் அவனுக்குத் தெரியும். போலீஸ் போய்ச் சரிபார்க்கும். கத்திக் கடைக்காரர் ஆமாம் என்பார். சந்து இருக்கும். ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டே வரும்போது கேட்பவன் மனம் இளகிவிடும். இவ்வளவையும் சரியாகச் சொல்கிறவன் அந்த ஒரு பெயரையும் சரியாகத்தானே சொல்வான் என்று தோன்றிவிடும். ஆனால் சரிபார்த்த அத்தனையும் எதை நிரூபித்தன? அப்ரூவர் அங்கே இருந்தான் என்பதை. அதைத்தான் அவனே ஒப்புக்கொண்டுவிட்டானே! பத்து உண்மைகளுக்கு நடுவில் ஒரு பெயரைச் செருகுவதற்கு அவனுக்கு ஒரு மூச்சுக்கூட அதிகம் பிடிக்காது. அதனால்தான் அனுபவமுள்ள நீதிபதிகள், சம்பவம் நடந்தது என்பதற்கான ஆதாரம் போதாது, இந்த எதிரியை அதோடு கட்டுகிற கயிறு வேறு இடத்திலிருந்து வர வேண்டும் என்று கேட்பார்கள். (நம் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கே 'எதிரி' என்றுதான் பெயர். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். விசாரிக்கும் முன்பே எதிரியா?)

இது பாகவதர் வழக்கோடு பிறந்த தலைவலியும் இல்லை. 1919 அக்டோபரில் சென்னையில் நியூயிங்டன் என்ற மாளிகையில் டி லா ஹே என்ற ஆங்கிலேயரைத் தூக்கத்தில் சுட்டுக் கொன்றார்கள். பாளையக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படித்த இடம், அவர்தான் அதன் முதல்வர். சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவரானார், கடம்பூர் வாரிசு மேல் கொலை வழக்கு. இரண்டு பேருமே பையன்கள். சென்னையில் நியாயமாக நடக்காது என்று வழக்கைப் பம்பாய்க்கு மாற்றினார்கள். கடம்பூர் பையனுக்கு விடுதலை. நூறு வருடமாகியும் சுட்டது யார் என்று திருநெல்வேலிப் பக்கம் இன்னும் இரண்டு கட்சியாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. அப்ரூவரைப் பற்றி இவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நானே அப்ரூவராக இருந்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு விடுதியில் தங்கிப் படித்தேன். எந்த ஊர், எந்த விடுதி என்பதெல்லாம் வேண்டாம். வார்டன் அறை பீரோவில் மெஸ் பணம் இருக்கும். பீரோ சாவி வள்ளலார் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவன் என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு ராத்திரி உள்ளே போனான். அவன் டார்ச் பிடித்தான், நான் சாவியை எடுத்தேன். எடுக்கும்போது மேசையில் இருந்த இங்க் புட்டியைத் தட்டிவிட்டேன். என் துண்டால்தான் துடைத்தோம். நாற்பத்து மூன்று ரூபாய். அவன் நாற்பதை எடுத்துக்கொண்டு எனக்கு மூன்று கொடுத்தான்.

துண்டு என்னைக் காட்டிக்கொடுத்தது. மறுநாள் வார்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவர் அறையில் நாங்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. அடிக்கவில்லை. "நீ தனியா செஞ்சிருக்க மாட்டே. யாருன்னு சொல்லிடு. உன்னை விட்டுடறேன். உங்கப்பாவுக்கு எழுத மாட்டேன்" என்றார். நான் அழுதேன். பெரியவன் பெயரைச் சொன்னால் கிணற்றில் தள்ளிவிடுவான் என்ற பயம். பேசாமல் இருந்தேன். அப்போது அவரே கேட்டார். "உன் பக்கத்துப் படுக்கைக்காரன் கூட இருந்தானா?"

பக்கத்துப் படுக்கைக்காரன் கட்டணச் சலுகையில் படித்தவன். ஒரே அரைக்கால்சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுவான். எதாவது காணாமல் போனால் முதலில் அவன் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார்கள். வார்டன் அந்தப் பெயரை ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் எல்லாம் தானாக வந்தது. யார் டார்ச் பிடித்தது? அவன். யார் முதலில் உள்ளே போனது? அவன். பணம் எவ்வளவு பிரித்தீர்கள்? அவனுக்கு நாற்பது, எனக்கு மூன்று. பெரியவன் நின்ற இடத்தில் எல்லாம் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். வேறு ஒன்றையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வார்டன் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆணி இருந்தது. மேசை விரிப்பின் ஓரத்தில் ஊதாக்கறை இருந்தது. சொன்னபடி துண்டு என் பெட்டியில் இருந்தது. அவனை வரவழைத்து, "பொய் சொல்றவனுக்கு இவ்வளவு தெரியுமாடா?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னான். "நான் தூங்கிட்டு இருந்தேன் சார்."

அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. யோசித்துப் பாருங்கள், வேறு எதைச் சொல்வான்? தூங்கினேன் என்பதற்கு யார் சாட்சி? என்னிடம் சாவி, கறை, துண்டு, கணக்கு எல்லாம் இருந்தன. அவனிடம் ஒன்றுமில்லை. செய்யாதவனிடம் எப்போதும் ஒன்றும் இருக்காது. அந்தப் பேச்சு நடக்கும்போது நான் அந்த அறையில் இல்லை என்பதைப் பாகவதர் எதைக் காட்டி நிரூபிப்பார் என்று நினைக்கிறீர்கள்?

மறுநாள் அவன் அப்பா வந்தார். சட்டை போடாமல் துண்டைத் தோளில் போட்டிருந்தவர், வார்டன் அறை வாசலில் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவன் தகரப் பெட்டிக்குப் பூட்டு இல்லை. கயிற்றால் கட்டியிருந்தான். வழியில் அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவன் அப்பா கேட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பல்லால் கடித்து இறுக்கிக் கட்டினார். நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொன்னபடி தண்டனை ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் டார்ச் பிடித்தது அவன்தான் என்று எனக்கே ஞாபகம் வர ஆரம்பித்தது. திரும்பத் திரும்பச் சொன்னதில் பெரியவன் முகம் மங்கி இவன் முகம் வந்து உட்கார்ந்துவிட்டது. ராத்திரி கண்ணை மூடினால் டார்ச் வெளிச்சத்தில் அந்த ஒட்டுப்போட்ட அரைக்கால்சட்டை தெரியும். அது நடக்கவே இல்லை. ஆனால் என்னைக் கூண்டில் ஏற்றி நாலு வக்கீல்கள் கேட்டிருந்தாலும் தடுமாறாமல் சொல்லியிருப்பேன். 'சாட்சி தடுமாறாமல் சொன்னார், ஆகவே நம்புகிறேன்' என்று தீர்ப்புகளில் வருமே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கைகால் குளிர்ந்துவிடுகிறது.

இருபத்திரண்டு வருடம் கழித்து அவன் ஊரைத் தேடிப் போனேன். அவன் இல்லை, வெளியூரில் ஏதோ மில்லில் வேலை. அப்பா இறந்துபோயிருந்தார். அம்மா மட்டும் இருந்தார். கூடப் படித்தவன் என்றதும் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். "நல்லா படிச்ச புள்ள தம்பி. திருடிட்டான்னு அனுப்பிட்டாங்க. எடுத்தானோ எடுக்கலியோ, சாமிக்குத்தான் வெளிச்சம்" என்றார்.

பெற்ற தாய். இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே அந்த 'எடுத்தானோ எடுக்கலியோ' இருந்திருக்கிறது. அவன் சாப்பிட உட்காரும்போது, சந்தையில் மீதிச் சில்லறையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது, எல்லா நேரமும் இருந்திருக்கும். நான் சொல்லிவிட்டேன். எடுக்கவில்லை, எடுத்தவன் நான், பொய் சொன்னவனும் நான் என்று. அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு, "அவங்கப்பா இருக்கையில வந்து சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்த அம்மாதான் போன மாதம் இறந்தவர். அவனுக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வராததில் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது உங்கள் அப்பாவின் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். நெருப்பில்லாமல் புகையுமா? புகையும் தம்பி. பக்கத்து வீட்டு நெருப்பின் புகை உங்கள் வீட்டுக்குள் வந்து கரியைப் பூசிவிட்டுப் போகும். அப்பாவிடம் நான் கோபமாகச் சொன்னேன் என்று சொல்லுங்கள். இந்த ஒரு பழமொழியை வைத்து நாம் எத்தனை பேரின் விடுதலையைப் பாதி விடுதலையாக ஆக்கியிருக்கிறோம்! நீதிமன்றம் கையைக் கழுவிவிட்டது. ஊர் இன்னும் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளியே வந்தபிறகு பாகவதர் படங்கள் ஓடாததே அவர் குற்றவாளி என்று ஜனங்கள் நினைத்ததற்கு அத்தாட்சி என்று ஒருவர் என்னிடமே வாதாடியிருக்கிறார். அபத்தம். அவர் உள்ளே இருந்தபோதுதான் பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைத் தாண்டி ஓடியது. கொலைகாரன் என்று தீர்ப்பு வந்த பிறகும் டிக்கெட் வாங்கிப் போய் அவர் பாட்டைக் கேட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது பாட்டுக்கு இருந்த இடத்தில் வசனம் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. அதே குற்றச்சாட்டு, அதே சிறை, அதே தீர்ப்பு கலைவாணருக்கும்தான். அவர் வெளியே வந்து மறுபடியும் ஜனங்களைச் சிரிக்க வைத்தார். அவரைப் பார்த்து யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. 1957-ல் அவர் போனார், 1959 நவம்பர் 1-ஆம் தேதி பாகவதர் போனார். இரண்டு பேருக்கும் ஐம்பது வயது நிறையவில்லை.

உங்கள் தாத்தா பாகவதரின் குரலுக்காக அவரை நிரபராதி என்று நம்பினார். அது பிரியம். அதை வைத்துக் கருத்தரங்கில் பேச முடியாது. ஆனால் மூன்று பேரில் அவரைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. 'ஆனால்' என்று எதையும் சேர்க்காமல் ஒரு மனுஷனை நிரபராதி என்று சொல்ல அவருக்கு முடிந்தது.

என் தீர்ப்பைக் கேட்டிருந்தீர்கள். நான் 1947-ஆம் ஆண்டுத் தீர்ப்போடு நிற்கிறேன். முழுசாக நிற்கிறேன். அவர்கள் இல்லையென்றால் வேறு யார் என்று உடனே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்ற அவசரத்தில்தான் நான் பன்னிரண்டு வயதில் தலையை ஆட்டினேன்.

கருத்தரங்குக்கு 1945, 1947 இரண்டு வருடத்து உயர்நீதிமன்றத் தீர்ப்புகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பத்திரிகைக் கட்டுரைகளை வைத்துப் பேசாதீர்கள். நூலகத்தில் பழைய சட்ட அறிக்கைத் தொகுதிகள் கிடைக்கும். கிடைக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், ஒரு நண்பரிடம் கேட்டு நகல் எடுத்து அனுப்புகிறேன். அப்ரூவர் சொன்னதையும், அதற்குத் துணையாக வைத்த ஆதாரங்களையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் எதிரே, இது யாரைக் கட்டுகிறது என்று எழுதுங்கள்.

அந்தப் பாட்டுப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். தகரத்தில் துருப்பிடித்தால் காகிதத்தில் ஏறிவிடும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, நாலு துண்டு வசம்பு போட்டு, காற்றுப் படுகிற அலமாரியில் வையுங்கள். பூச்சி வராது.

அன்புடன்